பட்டறைப் பக்கம்: இறுகிப்போன சிங்கரும் தையல் விடும் பவர் மிஷினும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே பழைய தையல் மிஷின்களைப் பற்றியவை. பதிலைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு வார்த்தை. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள். கிளட்ச் மோட்டார் (பெடலை மிதிக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ரகம்) அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் தெரியாமல் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே ஊசிக்கு அடியில் விரலைக் கொண்டுபோங்கள்.

மதுரை வாசகர்: தாத்தா ஓட்டிய சிங்கர் 31கே15 மிஷின் இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. சக்கரம் ஒரு இம்மிகூட அசையவில்லை. பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?

உண்டு, பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இந்த மாடல் முழுக்க வார்ப்பிரும்பும் எஃகும்தான். உள்ளே உளுத்துப்போக பிளாஸ்டிக் பல்சக்கரம் எதுவும் இல்லை. இப்படிக் கிடந்த மிஷின்கள் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் துரு அல்ல, காய்ந்த எண்ணெய். மிஷின் ஆயில் தீர்ந்த அன்று வீட்டிலிருக்கும் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விட்டிருப்பார்கள். காற்றுப் படப்பட அவை பழுப்பு நிறப் பசையாகி, பிறகு அரக்குப் போலக் கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெயும் உதவாது. அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் மிஷின் கனமாக ஓட அதுவே போதும்.

சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும்.

முதலில் ஊசி, ஃபுட் (துணியை அழுத்தும் பாதம்), ஊசித் தட்டு, பாபின் கேஸ், ஷட்டில் (அடியில் ஆடி மேல் நூலைப் பிடிக்கும் பாகம்) எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். கழற்றிய திருகை அது இருந்த பாகத்தோடேயே வைக்க வேண்டும். சிங்கர் திருகுகளின் மரை தனி அளவு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகைப் போட்டு இறுக்கினால் மரை அழிந்துவிடும். ஷட்டில் ஓடும் பள்ளத்தையும், துணியை நகர்த்தும் பல்லின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு அழுந்தி அழுந்தி அட்டை போல ஆகியிருக்கும். பல் குத்தும் குச்சியாலும் பழைய டூத்பிரஷ்ஷாலும் சுரண்டி எடுங்கள். சில மிஷின்களில் இந்த ஒரு வேலையோடு சக்கரம் விட்டுவிடும். பாபினுக்குப் பின்னால் சிக்கிய ஒரு முழம் நூலே முழு மிஷினையும் பூட்டி வைத்திருக்கும்.

விடவில்லை என்றால் எல்லா எண்ணெய் ஓட்டையிலும், உலோகத்தோடு உலோகம் உரசும் எல்லா இடத்திலும் மிஷின் ஆயில் விட்டு, நடுப்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இரும்பு சூடாகும்போது பசை இளகும், எண்ணெய் உள்ளே இறங்கும். சூட்டோடு சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் போதும், மறுபடி எண்ணெய் விட்டு ஆட்டுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மறுநாள் இரண்டு பங்கு மண்ணெண்ணெய், ஒரு பங்கு மிஷின் ஆயில் கலந்து விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டீசல் போதும். இதை நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்போ பீடியோ அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

மூன்று நாள் ஆகியும் அசையாத மிஷினில் எந்த மூட்டு பிடித்திருக்கிறது என்று தேட வேண்டும். இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றுங்கள். ஊசிக்கம்பி அடிப் புஷ்ஷிலிருந்து (கம்பி ஓடும் உலோக உறை) வெளியே வரும் இடத்தில் கூரான பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி சக்கரத்தை ஆட்டுங்கள். இப்போது சக்கரம் அசைந்தால் பிடித்திருப்பது ஊசிக்கம்பிதான். அதை மட்டும் எண்ணெய் விட்டுச் சுழற்றிச் சுழற்றி விடுவிக்கலாம். அசையாவிட்டால் கோளாறு மேல் ஷாஃப்டிலோ அடியில் ஷட்டில் பக்கமோ இருக்கிறது. அந்தப் பென்சில் கோட்டை அழிய விடாதீர்கள். ஊசிக்கம்பியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவர அது ஒன்றுதான் அடையாளம்.

திரும்பாத திருகுக்கு 60 வாட் சால்டரிங் அயர்ன் நல்ல மருந்து. மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முனையைத் திருகின் தலையில் மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் ஆறியதும் ஒரு சொட்டு மிஷின் ஆயில். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன நெருக்கு, பிறகு தளர்த்தும் பக்கம். ஸ்குரூ டிரைவரின் வாய் திருகின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். மெல்லிய வாய் பள்ளத்தின் ஓரத்தைச் சிதைத்துவிடும். சிதைந்த பிறகு டிரில் போடுவதைத் தவிர வழியில்லை.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அவசரப்பட்டு மோட்டார் மாட்ட வேண்டாம். எண்ணெய் விட்டு, காலால் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். மூட்டுகளிலிருந்து மை போலக் கறுப்பு எண்ணெய் கசியும். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி ஓட்டம். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தேன் நிறமாகி, கடைசியில் விட்ட எண்ணெய் விட்ட நிறத்திலேயே வெளியே வரும்வரை இதைச் செய்ய வேண்டும். நாலைந்து நாள் பிடிக்கலாம். இந்த மாடலில் எண்ணெய்த் தொட்டி இல்லை. தொழிலுக்கு ஓட்டினால் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, ஓட்டைக்கு ஒன்றிரண்டு சொட்டு கையால் விட்டே ஆக வேண்டும்.

திருப்பூர் வாசகர்: ஜூகி டிடிஎல்-5550 பவர் மிஷின். பனியன் துணியில் தையல் விட்டு விட்டுப் போகிறது. போன வாரம் ஊசி ஜிப்பில் அடித்து உடைந்தது, அதிலிருந்துதான் இப்படி. மெக்கானிக் ஹூக்கையே மாற்றச் சொல்கிறார்.

உங்கள் ஊரில் சிங்கிள் நீடில் மிஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ‘சிங்கர்’ என்றே பெயர். அந்த ரக மிஷின்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

ஹூக் என்பது அடியில் சுழன்று ஊசியின் நூலைப் பிடிக்கும் கொக்கி. அதை வாங்கும் முன் ஊசியை மாற்றுங்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி, 9 அல்லது 11 நம்பர். சாதாரணக் கூர் ஊசி பின்னலின் இழையைக் குத்தி அறுக்கும். துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், நூல் கண்ணி விழாது. ஊசியை முட்டும்வரை மேலே தள்ளி, நீளப் பள்ளம் இடப்பக்கம், குழிந்த வெட்டு ஹூக் இருக்கும் வலப்பக்கம் என்று பார்த்து இறுக்குங்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பனியனில் தையல் விடும். ஊசித் தட்டின் ஓட்டை பெரிதாக இருந்தாலும் துணி ஓட்டைக்குள் அமுங்கி இதே கோளாறைத் தரும்.

ஊசி சரி என்றால் ஹூக் முனை. பெருவிரல் நகத்தை முனையின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது தடுக்கினால், அல்லது நகத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் விழுந்தால், ஊசி அடித்த இடம் அதுதான். 1000 நம்பர் எமரி தாளில் எண்ணெய் தொட்டு, முனையின் வடிவம் மாறாமல் தேய்த்து, 2000 நம்பரில் மெருகேற்றுங்கள். முனையே ஒடிந்து மழுங்கியிருந்தால் மட்டும் புது ஹூக்.

ஊசி இரும்பில் அடித்தபோது ஹூக் தன் ஷாஃப்டில் நழுவியிருக்கலாம், ஊசிக்கம்பியும் மேலே ஏறியிருக்கலாம். ஊசிக்கம்பியைச் சரிசெய்யாமல் ஹூக்கைத் தொட்டால் இரண்டு செட்டிங்கும் கெட்டுவிடும். ஊசிக்கம்பியைத் துடைத்துப் பார்த்தால் நான்கு கோடுகள் தெரியும். இந்த மிஷினின் வழக்கமான ஊசி ரகமான 16×231-க்கு மேல் இரண்டு கோடுகள்தான் கணக்கு. சக்கரத்தை உங்கள் பக்கம் சுற்றி ஊசியை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் கோடு, அடிப் புஷ்ஷின் கீழ் விளிம்போடு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கம்பியின் திருகைத் தளர்த்தி நேராக்குங்கள். கம்பி சுழன்றுவிடக் கூடாது. சுழன்றால் ஊசியும் திரும்பிவிடும்.

இனி சக்கரத்தை மேலும் சுற்றுங்கள். ஊசி ஏறத் தொடங்கி, இரண்டாவது கோடு புஷ்ஷின் விளிம்புக்கு வரும்போது நிறுத்துங்கள். இது 2 மி.மீ. சொச்சம் ஏற்றம். இந்த நொடியில் நூல் ஊசியின் வலப்பக்கம் சின்னக் கண்ணியாக உப்பி நிற்கும்; ஹூக் முனை ஊசியின் நடுக்கோட்டில், ஊசிக் கண்ணின் மேல் விளிம்பிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. உயரத்தில் அந்தக் கண்ணிக்குள் நுழைய வேண்டும். முந்தினால் கண்ணி இன்னும் உப்பியிருக்காது. பிந்தினால் கண்ணி சாய்ந்துவிட்டிருக்கும். சரியாக இல்லை என்றால் ஹூக்கின் திருகுகளைத் தளர்த்தி, ஹூக்கை மட்டும் திருப்பி வையுங்கள்.

ஹூக் முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ. ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ.; அதற்கு மேல் இடைவெளி கூடாது. முனை ஊசியை உரசவும் கூடாது. உரசினால் சில நாளிலேயே முனை மழுங்கும். 9 நம்பர் ஊசிக்கு வைத்த இடைவெளியில் 16 நம்பர் ஊசியைப் போட்டால் உரசும். ஊசி நம்பர் இரண்டு மூன்று படி மாறும்போதெல்லாம் இந்த இடைவெளியைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பாபின் கேஸ் பிடிப்பானைச் சுற்றவிடாமல் நிறுத்தும் விரல் போன்ற தகட்டையும் மறந்துவிடாதீர்கள். அதன் நுனிக்கும் பிடிப்பானின் பள்ளத்துக்கும் நடுவே நூல் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். அங்கே இறுக்கினால் டைமிங் (ஹூக் முனை ஊசியைச் சந்திக்கும் நேரம்) எவ்வளவு சரியாக இருந்தாலும் நூல் அறும். எல்லாம் இறுக்கிய பிறகு கையால் நாலைந்து சுற்று. எங்கும் டிக் என்ற சத்தம் கேட்கவில்லை என்றால்தான் மோட்டாரைப் போடலாம்.

திண்டுக்கல் வாசகி: துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. பாபின் கேஸ் புதிதாக மாற்றியும் நிற்கவில்லை.

அடியில் கொத்து விழுந்தால் கோளாறு மேலே. ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்க்க வேண்டும். இறக்கி வைத்துக் கோர்த்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்காது. கோர்த்தபின் ஃபுட்டை இறக்கி நூலை இழுங்கள், பிடித்து இழுக்க வேண்டும். தூக்கி இழுங்கள், தளர்வாக வர வேண்டும். இரண்டிலும் தளர்வாக வந்தால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது. எண்ணெய் இல்லாத துணித்துண்டை நடுவே விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். டேக்-அப் லீவரின் (மேலும் கீழும் ஆடி நூலை இழுக்கும் கை) ஓட்டையில் நூல் கோர்க்க மறந்தாலும் இதே கொத்துதான் விழும். பழைய பாபின் கேஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதில் குறையே இருந்திருக்காது.

கரூர் வாசகர்: பத்து வருட பவர் மிஷின். மேலே உள்ள கண்ணாடி மூடியில் எண்ணெய் அடிப்பது தெரியவில்லை. ஆனால் தைக்கும் துணியில் மட்டும் எண்ணெய்க் கறை. இது எப்படி?

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். தலையைச் சாய்த்துத் தொட்டியைப் பாருங்கள். எண்ணெய் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவே இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் கண்ணாடியில் அடிக்கவில்லை என்றால் பம்ப்பின் சல்லடையில் பஞ்சு அடைத்திருக்கும். தொட்டி எண்ணெயை முழுவதும் வடித்து, அடியில் படிந்த பஞ்சையும் சேற்றையும் வழித்தெடுத்து, சல்லடையை மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் கழுவி மாட்டுங்கள். புது எண்ணெய் ஊற்றி ஓட்டியதும் கண்ணாடியில் சிதறல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஓட்டாதீர்கள். மேல் புஷ் காய்ந்து ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டால் செலவு பல மடங்கு.

எண்ணெய் என்றால் கடையில் வெள்ளை எண்ணெய் என்று கேட்டு வாங்கும் மெல்லிய ரகம், கன அளவு விஜி 7 அல்லது 10. பைக் இன்ஜின் ஆயில் ஊற்றுவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம், தவறு. அந்தக் கனமான எண்ணெயை இந்தச் சின்னப் பம்ப் மேலே ஏற்றாது. ஏறினாலும் திரிகளில் ஊறாது.

கறைக்கு முதல் காரணம் ஹூக்குக்குப் போகும் எண்ணெய் அதிகமாக இருப்பது. மிஷினை மூன்று நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். பிறகு 25 மி.மீ. அகலம், 70 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டுத் தாளை ஹூக்குக்கு அடியில், ஹூக்கைத் தொடாமல், 5 விநாடி பிடியுங்கள். தாளில் மெல்லிய ஒற்றைக் கோடாக எண்ணெய் தெறிக்க வேண்டும். தடித்த பட்டையாக விழுந்தால் ஹூக் ஷாஃப்டின் முன் புஷ்ஷில் உள்ள சின்னத் திருகைக் கழித்தல் குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி, மறுபடி தாளைப் பிடித்துப் பாருங்கள். கோடே விழவில்லை என்றால் கூட்டல் பக்கம். தாள் பிடிக்கும் விரல் ஹூக்குக்கு வெகு அருகில் இருக்கும், கவனம்.

கறை ஊசிக்கு நேர் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்தால் காரணம் வேறு. முகத்தகட்டுக்குள் சேரும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி இழுக்க ஒரு திரியும் குழாயும் உண்டு. பத்து வருடத்தில் அந்தத் திரி பஞ்சு ஏறிக் கட்டையாகியிருக்கும். திரியை மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

சேலம் வாசகர்: என் 31கே-யில் கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா, எது மாட்டலாம்? நண்பர் 2850 சுற்று மோட்டார் ஒன்று தருகிறேன் என்கிறார்.

அந்த மோட்டாரை வாங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மோட்டார் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, மிஷின் சக்கரப் பள்ளத்தின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தையல் என்று வந்துவிடும். புல்லி 70 மி.மீ., சக்கரப் பள்ளம் 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2850 சுற்று மோட்டாரில் 2660 தையல். 1440 சுற்று மோட்டாரில் 1344. முன்னும் பின்னும் ஆடும் ஷட்டில் உள்ள பழைய மிஷினை 2000-க்கு மேல் ஓட்டவே கூடாது. டெய்லர் கடை வேலைக்கு 1300 தாராளம்.

வாங்குவதே என்றால் சர்வோதான் எங்கள் சிபாரிசு. கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதும் சுற்றிக்கொண்டே, மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சர்வோ பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும். உச்ச வேகத்தைப் பூட்டி வைக்கலாம், ஒவ்வொரு தையலாகவும் போகலாம். மோட்டாரில் எந்தத் திசை வைத்திருக்கிறது என்று பெல்ட் மாட்டும் முன் பாருங்கள். மிஷினின் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினால் ஒழுங்காகத் தைக்கிறதோ, மோட்டாரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் முதல் தையலிலேயே நூல் சிக்கிக்கொள்ளும். எம் ரக வி-பெல்ட் போதும். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் சக்கரப் பக்கப் புஷ் ஒருபக்கமாகத் தேயும். இரும்பு ஸ்டாண்டுக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள்.

பவானி வாசகி: ஊசி மாற்றியதிலிருந்து தையல் விடுகிறது. அதே 14 நம்பர்தான் வாங்கினேன்.

நம்பர் சரி, ரகம் மாறியிருக்கும். ‘டிபி ஒன்று’, ‘டிபி ஐந்து’ என்று வாயால் கேட்டால் கடைக்காரர் காதில் முன்பாதி ஒன்றுபோலத்தான் விழும். முதல் ரகத்தின் காம்பு 1.62 மி.மீ., இரண்டாவது ரகத்தின் காம்பு 2 மி.மீ. மெல்லிய காம்பு ஊசியைப் பெரிய ஓட்டையில் வைத்து இறுக்கினால் ஊசி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், ஹூக் கண்ணியைப் பிடிக்காது. இனிமேல் பழைய பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போங்கள். 16×231, 16×257, 1738 என்று எழுதியிருப்பவை முதல் ரகம். 135×5, 134ஆர் என்று எழுதியிருப்பவை இரண்டாவது.

ஆம்பூர் வாசகர்: செருப்பு, பை தைக்கும் சிங்கர் 29கே. தையல் நீளத்தை முழுக்கத் திறந்து வைத்தாலும் பொடிப் பொடியாகவே விழுகிறது. ஒரு திசையில் கொஞ்சம் பெரிதாகவும் இன்னொரு திசையில் இன்னும் சிறிதாகவும் வருகிறது.

இது 29கே-யின் பரம்பரை நோய் என்றே சொல்லலாம். இந்த மிஷினில் துணியை நகர்த்த அடியில் பல் கிடையாது. மேலிருக்கும் ஃபுட்டே தோலைக் கவ்வி இழுக்கிறது. அதனால்தான் தலையை எந்தத் திசைக்கும் திருப்பித் தைக்க முடிகிறது. ஃபுட்டுக்கு அந்த அசைவு ஒரு கேம், அதிலிருந்து ஒரு லீவர், அதிலிருந்து தலைக்குள் ஏறி இறங்கும் ஒரு வளையம் என்று கைமாறிக் கைமாறி வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் கால் மி.மீ. தேய்ந்தாலும் கடைசியில் தையலில் பாதி காணாமல் போகும்.

முதலில் சுலபமானதைப் பாருங்கள். ஃபுட்டின் அடியில் உள்ள பற்கள் மழுங்கியிருந்தால் தோல் வழுக்கும். முக்கோண அரத்தால் கூராக்கலாம், அல்லது ஃபுட்டை மாற்றலாம். ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அதில் சரியாகவில்லை என்றால் ஊசி, நூல் எதுவும் இல்லாமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, பின்னாலிருக்கும் லீவரையும் ஃபுட்டையும் ஒன்றாகக் கவனியுங்கள். லீவர் நகரத் தொடங்கிய பிறகும் ஃபுட் சும்மா நிற்கும் நேரம் எவ்வளவு என்பதே தேய்மானத்தின் அளவு. வளையத்தை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் கையிலேயே தெரியும். தலையைச் சுற்றித் திருப்பி நான்கு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஆட்டம் அதிகமென்றால் வளையம் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். லீவரின் முனை தேய்ந்திருந்தால் நல்ல வெல்டரிடம் கொடுத்து முனையில் உலோகம் ஏற்றி, வளையத்தின் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் நுழையும் அளவுக்கு அரத்தால் ராவிக்கொள்ளலாம். ஒரேயடியாக ராவாமல் பத்து முறை வைத்து வைத்துப் பாருங்கள். கூட ராவினால் மறுபடி வெல்டரிடம்தான் போக வேண்டும்.

ஊசியில் 29×4 தோலுக்கு, 29×3 துணிக்கு. ரெக்சின் பையைத் தோல் ஊசியால் தைத்தால் ஓட்டை வெட்டுப்பட்டு, பாரம் ஏறும்போது தையல் ஓரமாகவே கிழியும்.

புதுச்சேரி வாசகி: பழைய சிங்கரில் தங்க நிறப் பூவேலை பாதி தெரிகிறது. பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா? எந்த வருடத்து மிஷின் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். ஸ்பிரே அடித்த மிஷின்களில் எண்ணெய் ஓட்டைகள் அடைபடும், திருகுகள் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பூவேலை திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. பூவேலைக்கு மேலே இருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் அது கரைந்து, துடைக்கும் துணியோடு தங்கமும் வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். மிஷின் ஆயிலைப் பஞ்சில் தொட்டு, வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். பஞ்சு பழுப்பாவது அழுக்கு; பஞ்சில் மஞ்சள் மினுமினுப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். முதலில் பின்பக்கத்தில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு முன்பக்கம் வாருங்கள். கறுப்பு உதிர்ந்து இரும்பு தெரியும் இடங்களில் துரு பிடிக்காமலிருக்க, சுத்தம் செய்த பிறகு நிறமற்ற மெழுகை மெல்லப் பூசி மெருகேற்றினால் போதும். பளபளப்பான சக்கர ஓரத்துக்கும் தகடுகளுக்கும் மட்டும் மெட்டல் பாலிஷ் போடலாம்.

மாடல் எண்ணில் கே என்ற எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி தொழிற்சாலையில் செய்தது. அந்த ஆலை 1885-இல் ஓடத் தொடங்கி 1980-இல் மூடப்பட்டது. அடித்தளத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணின் முன்னெழுத்துகளை வைத்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். எண் எண்ணெய்ப் பிசுக்குக்குள் மறைந்திருக்கும். பிரஷ்ஷால் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: பயன்படுத்திய பவர் மிஷின் ஒன்று வாங்கப் போகிறேன். கடையில் நின்றுகொண்டே என்ன பார்க்கலாம்?

மோட்டாரைப் போட்டுக் காட்டும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்றில் எங்காவது ஓரிடத்தில் மட்டும் கனத்தால் உள்ளே எதுவோ வளைந்திருக்கிறது. சக்கரத்தைப் பிடித்து உள்ளே வெளியே தள்ளி இழுங்கள். டக் டக் என்று ஆடினால் ஷாஃப்ட் ஆட்டம். ஊசியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்தது, விலையில் பேசிக் குறைக்க வேண்டிய செலவு அது. தலையைச் சாய்த்து எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி போல மினுக்கினால் உள்ளே உலோகம் அரைபடுகிறது, அந்த மிஷினை விட்டுவிடுங்கள். ஊசித் தட்டின் ஓட்டையைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறல் இருப்பது பெரிய குற்றமல்ல. பருத்தி நூலில் மெருகுப் பசை தடவி ஓட்டைக்குள் விட்டு இழுத்தால் சரியாகும்.

பிறகுதான் தையல். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று இரண்டு நிற நூல் போடச் சொல்லுங்கள். ஒற்றை மடிப்பு, நாலு மடிப்பு, திரும்ப ஒற்றை மடிப்பு என்று நிறுத்தாமல் ஓட்டி, ஏறி இறங்கும் இடத்தில் தையல் விடுகிறதா பாருங்கள். கடைசியாக ரிவர்ஸ். முன்னால் போன தையலின் ஓட்டையிலேயே பின்னால் வரும் தையலும் விழ வேண்டும். கடைக்காரர் தன் துணியை நீட்டுவார். நீங்கள் தினமும் தைக்கும் துணியைக் கையோடு கொண்டுபோய் அதிலேயே தைத்துப் பாருங்கள்.